கூகைக்குக் கண் தெரியும்

தமிழில் இத்தனை பெயரும் இத்தனை கெட்ட பெயரும் ஒருசேர வாங்கிய பறவை ஆந்தையைத் தவிர வேறொன்று இருக்கும் என்று தோன்றவில்லை. கூகை, குடிஞை, ஊமன், குரால், கோட்டான். மரத்தில் வாழும் கூகையைக் கோட்டான் என்று சொல்வதும் மரபுதான் என்று தொல்காப்பியத்தின் மரபியல் தனியாக எடுத்துச் சொல்கிறது. அந்தக் கோட்டானை இன்று நாம் வசவாக வைத்திருக்கிறோம். ஒருத்தன் பதில் தெரியாமல் நின்றால் 'ஆந்தை மாதிரி முழிக்கிறான்' என்கிறோம். ராத்திரி கத்தினால் சாவு என்கிறோம். பகலில் கண் தெரியாது என்கிறோம்.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் ஒரு குறள், ஒரு பஞ்சதந்திரக் கதை, நம் காலத்தின் முக்கியமான ஒரு நாவல் ஆகியவற்றை நாம் வாசிக்கும் விதம் இந்த ஒற்றை வாக்கியத்தின்மேல் நிற்கிறது. ஒரு உயிரைக் குறியீடாக எடுத்துக்கொள்ளும்போது அந்த உயிருக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? பட்டிருக்கிறோம் என்பது என் கட்சி.

1

திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்தின் முதல் குறள், 481. தன்னைவிட வலிய கூகையைக் காக்கை பகலில் வென்றுவிடும். அதுபோலப் பகையை வெல்ல நினைக்கும் அரசனுக்கு ஏற்ற காலம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தரும்போது கூடவே ஒரு விளக்கம் வரும்: 'ஏன்னா கூகைக்குப் பகலில் கண் தெரியாது.' அடுத்த முறை குறளைத் திறந்து பாருங்கள். அதில் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. பகல் இருக்கிறது, காக்கை இருக்கிறது, கூகை இருக்கிறது, வெற்றி இருக்கிறது. குருட்டுத்தனம் நாம் கொண்டுவந்து சேர்த்தது.

சேர்த்ததால் என்ன நஷ்டம்? அதிகாரத்தின் பெயர் காலமறிதல். கூகையிடம் ஒரு குறை இருப்பதால் காக்கை ஜெயித்தது என்றால் அந்தக் குறள் குறையறிதலுக்கு உதாரணமாகப் போயிருக்க வேண்டும். குறை எதுவும் இல்லாத, வலிமை முழுசாக இருக்கிற ஒரு பறவை, வேளை தன் பக்கம் இல்லை என்ற ஒரே காரணத்தால் தோற்கிறது என்று வாசித்தால்தான் 'காலம்' என்ற சொல்லுக்கு முழு எடை கிடைக்கிறது. வள்ளுவர் எழுதாமல் விட்டதை நாம் எழுதிச் சேர்த்து, அவர் எழுதியதின் கூர்மையை மழுக்கி வைத்திருக்கிறோம்.

2

சரி, பறவையின் உடம்பு என்ன சொல்கிறது?

ஆந்தைகளுக்குப் பகலில் நன்றாகவே கண் தெரியும். கண்மணியைச் சுருக்கி வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள அவற்றால் முடியும். நம்மூர்ப் புள்ளி ஆந்தை பொந்து வாசலில் வெயில் காய்ந்துகொண்டு, போகிற வருகிற ஆட்களை முறைத்துப் பார்ப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். வடதுருவத்துப் பனி ஆந்தை, கோடையில் அஸ்தமிக்காத சூரியனின் கீழேயே வேட்டையாடிப் பிழைக்கிறது. ஆந்தைக் கண்ணுக்கு உள்ள குறை வேறு. மிக அருகில் இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. அலகைச் சுற்றியுள்ள மெல்லிய முள்மயிரால் தொட்டுத்தான் கிட்டத்தில் இருப்பதை அறிகிறது. கண்கள் குழாய் வடிவில் எலும்புக்குள் இறுகிப் பொருந்தியிருப்பதால் விழியை இப்படி அப்படி உருட்ட முடியாது. அதனால்தான் கழுத்தைத் திருப்புகிறது, 270 டிகிரி வரைக்கும். நம் கழுத்தில் 7 எலும்பு, ஆந்தைக்கு 14. 'முழிக்கிறது' என்று நாம் கேலி செய்வது விழி அசையாத ஒரு பறவையின் கவனத்தை.

அதைவிட முக்கியமானது காது. இன்றைய பறவை நூல்கள் கூகை என்று அழைப்பது இதய வடிவில் வெண்மையான முகம் கொண்ட ஆந்தையை. (பழம்பாடல்களின் கூகையை இந்த ஒரே இனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்தப் பறவை கூவுவதில்லை, கிறீச்சிடும். கூகை என்ற பெயரிலேயே ஒரு கூவல் கேட்கிறது.) அந்த வெள்ளை முகம் முகமே இல்லை. ஒலியைத் திரட்டிக் காதுக்குள் அனுப்புகிற ஒரு கிண்ணம். இறகுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் இரண்டு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை. இடது காது சற்று மேலே, கீழ்நோக்கி; வலது காது சற்றுக் கீழே, மேல்நோக்கி. ஒரு சருகு நொறுங்கும் சத்தம் எந்தக் காதுக்கு முதலில் வந்தது என்ற வித்தியாசம் இடமா வலமா என்று சொல்கிறது. அந்த வித்தியாசம் ஒரு வினாடியைப் பத்தாயிரமாகக் கூறுபோட்டால் அதில் சுமார் இரண்டு கூறுக்கு மேல் போவதில்லை. எந்தக் காதில் சத்தம் உரக்க விழுந்தது என்ற வித்தியாசம் மேலா கீழா என்று சொல்கிறது.

ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பிற்பாடு திமிங்கிலங்களின் பாட்டைப் பதிவுசெய்து உலகப் புகழ் பெற்றவர், ஒளி துளியும் நுழையாத அறையில் இந்தப் பறவையைப் பறக்கவிட்டுப் பார்த்தார். இருட்டில் எலியைப் பிடித்தது. தரையில் சத்தமே எழும்பாதபடி செய்து, எலியின் பின்னால் சரசரக்கும் காகிதத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டார். ஆந்தை காகிதத்தின்மேல் பாய்ந்தது. வாசனையோ உடல் சூடோ அதற்கு வழிகாட்டவில்லை, சத்தம் மட்டும்தான் காட்டியது என்று இதனால் உறுதியானது. அந்த ஆய்வு 1971-ல் வெளியானது. 1978-ல் எரிக் நுட்சென், மசகாஸு கொனிஷி இருவரும் ஆந்தையின் மூளைக்குள் ஒலிகளாலான ஒரு வரைபடம் இருப்பதைக் காட்டினார்கள். எந்தத் திசையிலிருந்து சத்தம் வருகிறதோ அந்தத் திசைக்கென்றே உள்ள நரம்பணு துடிக்கிறது.

இப்படிக் கேட்க வேண்டுமானால் தானே சத்தம் போடக்கூடாது. சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை, பின்விளிம்பில் குஞ்சம், மேலே வெல்வெட் மாதிரி மென்மயிர். மூன்றும் சேர்ந்து காற்றின் இரைச்சலைத் தின்றுவிடுகின்றன. மீன் ஆந்தைகளுக்கு இந்த ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு மேலே சிறகடிக்கும் சத்தம் கேட்கப்போவதில்லை என்பதால் தேவைப்படவில்லை. உடம்பு எவ்வளவு கணக்குப் பார்க்கிறது பாருங்கள்.

ஆக, நாம் முகம் என்று நினைத்து முகம் சுளித்தது அதன் காதைப் பார்த்து. இதை மனதில் வைத்துக்கொண்டு கதைகளுக்குப் போகலாம்.

3

பஞ்சதந்திரத்தின் மூன்றாம் பகுதி முழுக்கக் காக்கைக்கும் ஆந்தைக்கும் நடக்கும் போர். பகை தொடங்கிய கதை அதற்குள்ளேயே வருகிறது. பறவைகள் எல்லாம் கூடி ஆந்தைக்கு முடிசூட்டப் போகின்றன. காக்கை வந்து தடுக்கிறது. அது சொல்லும் முதல் காரணம் முகம். கோபம் வராதபோதே இந்த முகம் இப்படியென்றால், கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்கிறது. அதோடு பட்டாபிஷேகம் நின்றுபோகிறது. கதையின் முடிவில் காக்கை மந்திரி ஆந்தைகளிடம் அடைக்கலம் புகுந்தவன்போல நடித்து, அவற்றின் குகை வாசலில் சுள்ளி சேர்த்து, பகலில் கண் தெரியாமல் உள்ளே கிடக்கும் கூட்டத்தையே எரிக்க வழி செய்கிறது.

பகல் குருடு இந்தக் கதைக்குத் தேவைப்படுகிறது. அது இல்லாவிட்டால் நெருப்பு வைக்க முடியாது. ஆனால் கதையின் தந்திரம், சிரிப்பு, வெற்றி எல்லாம் காக்கை பக்கம் நிற்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? ஆந்தை மந்திரிகளில் ஒருவன் மட்டும் 'இவனை நம்பாதே, கொன்றுவிடு' என்று எச்சரிக்கிறான். அரசன் கேட்கவில்லை. அப்படியானால் கதையின்படியே ஆந்தைகள் அழிந்தது கண் தெரியாததால் மட்டும் இல்லை. கண் தெரிந்தவனின் பேச்சு எடுபடாததாலும்தான்.

மகாபாரதத்தின் சௌப்திக பர்வத்தில் இதே பகை தலைகீழாக வருகிறது. தோற்று ஓடிவந்த அசுவத்தாமன் ராத்திரியில் ஆலமரத்தடியில் தூக்கமில்லாமல் கிடக்கிறான். மரத்தில் உறங்கும் காக்கைக் கூட்டத்தை ஓர் ஆந்தை ஓசையில்லாமல் வந்து கொன்றுபோடுகிறது. அதைப் பார்த்துத்தான் தூங்குகிறவர்களை வெட்டும் யோசனை அவனுக்கு வருகிறது. குறளின் பகலையும் இந்த இரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நாளின் இரண்டு பாதி. இதில் ஒரு பாதியை மட்டும் நாம் பாடப்புத்தகமாக்கிக்கொண்டோம்.

காக்கைகள் பகலில் ஆந்தையைச் சூழ்ந்து கத்திக் கொத்தி விரட்டுவது நிஜம். காக்கை மட்டும் இல்லை. கரிச்சான், மைனா, தையல்சிட்டுகூடச் சேர்ந்துகொள்ளும். ஆந்தை எதிர்க்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் 'பாவம், கண் தெரியல' என்று முடிவு கட்டியிருப்பார்கள். அந்தக் கூட்டம் எதற்காகக் கூடுகிறது? ராத்திரி வந்தால் தங்களையும் குஞ்சுகளையும் தின்னக்கூடிய ஒன்று இங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரிவித்து, இருக்க விடாமல் துரத்துவதற்காக. அந்தக் கூச்சல் முழுக்கப் பயத்தால் ஆனது.

4

சங்கப் பாடல்களில் ஆந்தைக்கு இரண்டு வீடு. ஒன்று சுடுகாடு. ஆய் அண்டிரன் இறந்தபோது குட்டுவன் கீரனார் பாடிய புறநானூறு 240-ல், எரித்துக் குவி என்று சொல்வதுபோலக் கூகை செத்தவர்களை அழைக்கிறது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்திலும் சாகப்போகிறவர்களைக் கூவி அழைப்பது கூகைதான். புறநானூறு 364-ஐப் பாடியவர், தாழிகள் நிறைந்த பெருங்காட்டுக்கு நாம் போய்ச் சேருவதற்குள் உண்டு களித்து இருப்போம் என்கிறார். அந்தக் காட்டில், பழைய மரத்துப் பொந்திலிருந்து சத்தம் எழுப்பும் பறவையை அவர் கூகைக் கோழி என்று குறிப்பிட, அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது: கூகைக் கோழியார். சொந்தப் பெயர் போய் ஆந்தையின் பெயர் நிலைத்த கவிஞர் நம் மரபில் இருக்கிறார்.

இன்னொரு வீடு ஊர் வாசல். நற்றிணை 83, பெருந்தேவனார் பாடியது. எனக்குத் தமிழில் மிகப் பிடித்த ஆந்தை இதில்தான் இருக்கிறது. ஊருக்கு வெளியே, குடிதண்ணீர்த் துறைக்குப் பக்கத்தில் தெய்வம் குடியிருக்கும் பழைய மரம். அதில் நெடுநாளாகப் பழகி வாழும் கூகையிடம் தோழி பேசுகிறாள். காதலன் ராத்திரியில் வருவான் என்று தூங்காமல் தவித்துக்கொண்டிருக்கிறோம், அந்த நேரம் பார்த்துப் பயமுறுத்துகிற மாதிரிக் கத்தாதே. நெய்விட்ட கறிச்சோறும் சுட்ட எலிக்கறியும் நிறையத் தருகிறோம்.

லஞ்சப் பட்டியலைக் கவனியுங்கள். எலி. இந்தக் கவிஞருக்கு அந்தப் பறவை என்ன தின்னும் என்று தெரியும். ஆந்தைகள் செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். பொந்துக்குக் கீழே கிடக்கும் அந்த உருண்டைகளைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் கூகையின் உணவில் பெரும்பங்கு எலிதான் என்கிறார்கள். தண்ணீர்த்துறை மரத்தடியில் நடந்தவர்களுக்கும் அது தெரிந்தே இருக்கும். தோழி அந்தப் பறவையை அழைக்கும் அடைமொழிகளோ இன்னும் துல்லியம்: தேயாத வளைந்த அலகு, கூரிய நகம், பின்னே, தெளிந்த கண். குருடு என்ற பேச்சே இல்லை. கண் தெளிவானது என்றுதான் பாடல் சொல்கிறது.

அகத்தின் ஆந்தைக்கும் புறத்தின் ஆந்தைக்கும் உள்ள வித்தியாசம் பறவையில் இல்லை. கேட்கிறவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. இழவு வீட்டில் நிற்பவருக்கு அதே குரல் சாவு. காதலனுக்குக் காத்திருப்பவளுக்கு, அம்மாவை எழுப்பிவிடக்கூடிய பக்கத்து வீட்டுக்காரரின் தொண்டை. நம் நாட்டுப்புறச் சகுனமும் இதை மறந்துவிடவில்லை. ஓர் அலறல் என்றால் சாவு, இரண்டு என்றால் நினைத்த காரியம் கைகூடும் என்று அலறலை எண்ணிப் பலன் சொல்லும் வழக்கம் உண்டு. பஞ்சபட்சி சாத்திரத்தில் வல்லூறு, காகம், கோழி, மயிலோடு ஆந்தையும் ஒன்று. நட்சத்திரத்தைப் பொறுத்து ஊரில் ஒரு பங்கு ஆட்களுக்கு அதுவே அவரவர் பட்சி. வங்காளத்தில் அது லட்சுமியின் வாகனம். இவ்வளவையும் கழித்துவிட்டு 'ஆந்தை கத்தினா சாவு' என்பதை மட்டும் வைத்துக்கொண்டது நம் காலத்தின் சோம்பல்.

5

இப்போது சோ. தர்மனின் 'கூகை' நாவலுக்கு வரலாம். 2005-ல் காலச்சுவடு வெளியிட்டது. வசந்தா சூர்யாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் இருக்கிறது. கோவில்பட்டி வட்டாரத்துத் தலித் மக்களின் வாழ்க்கை. கூகை அங்கே சாமி. நாவல் வந்த நாள் முதல் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வாசிப்பு இது: கூகை வலிமையான பறவை, ஆனால் பகலில் கண் தெரியாது, அதனால் சின்னச் சின்னப் பறவைகளிடமெல்லாம் கொத்துப்படுகிறது, தலித் மக்களின் நிலையும் அதுவே.

இந்த வாசிப்பில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. கொத்துப்படுவதற்கான காரணத்தை அது கொத்துப்படுகிறவனின் உடம்புக்குள் வைக்கிறது. 'உனக்குக் கண் தெரியல, அதான் அடிக்கிறாங்க.' அடுத்த அடி என்னவென்று நமக்குத் தெரியும்: 'நாங்க வந்து கண்ணைத் திறந்து விடறோம்.' சீர்திருத்தப் பேச்சில் நூறு வருஷமாக ஓடுகிற தொனி இது. ஒடுக்கப்பட்டவருக்குத் தன் நிலைமை தெரியாது என்ற அனுமானம். உண்மையில் ஒரு கிராமத்தில் யார் எந்தத் தெருவில் எந்த நேரத்தில் நடக்கலாம், எங்கே உட்காரக் கூடாது என்பதெல்லாம் மற்ற எல்லாரையும்விடத் துல்லியமாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். தெரியாவிட்டால் உயிர் போகும்.

பறவையை அது இருக்கிறபடி எடுத்துக்கொண்டால் உருவகம் வேறாகிறது. கூகைக்குக் கண் தெரிகிறது. தன்னைச் சூழ்ந்தவர்கள் யார் யார் என்று தெரிகிறது. பகல் என்கிற ஏற்பாடு அதற்கு எதிராக இருக்கிறது, அவ்வளவுதான். குறை கண்ணிலிருந்து நாளுக்கு இடம் மாறுகிறது. நாவலில் கூகையைக் கும்பிடுகிறவர்களும் ஒரு குருட்டுப் பறவையிடம் கைகூப்பவில்லை. இருட்டில் விழித்திருக்கும் ஒன்றிடம்தான் காவல் கேட்க முடியும்.

இரண்டு மறுப்புகளை நானே எழுப்பிக்கொள்கிறேன். ஒன்று, நாவல் விலங்கியல் பாடம் கிடையாது, பகல் குருடு என்பது அந்த மக்களின் நம்பிக்கை, அதை அப்படியே எழுதுவது நாவலாசிரியரின் வேலை. முழுக்க ஒத்துக்கொள்கிறேன். தர்மன் அந்த நம்பிக்கையைத் திருத்தி எழுதியிருந்தால் நாவல் கெட்டிருக்கும். என் புகார் விமர்சனத்தின்மேல். பாத்திரங்களின் நம்பிக்கையை விமர்சகரும் தன் முடிவாக வழிமொழிய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. காக்கைக்கு ஆந்தையைக் கண்டு பயப்பட நிஜமான காரணம் இருக்கிறது. ராத்திரியில் அது காக்கையைத் தின்னும். சாதி வன்முறைக்கு அப்படி ஒரு காரணம் கிடையாது. அங்கே பயம் தயாரிக்கப்படுகிறது. செருப்புப் போட்டு நடந்தான், மீசை முறுக்கினான், பைக் வாங்கினான் என்பதெல்லாம் ஆபத்தாகச் சித்திரிக்கப்படுகின்றன. ஆகவே காக்கையை மிகவும் இழுத்தால் உருவகம் ஆதிக்கக்காரருக்கு நியாயம் கற்பித்துவிடும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். எந்த உருவகமும் ஓர் எல்லைவரைதான் நம்மோடு வரும். அந்த எல்லை எங்கே என்று தெரியவும் பறவையைத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

பா. ரஞ்சித் சென்னையில் தொடங்கிய நூலகத்துக்குக் கூகை என்று பெயர் வைத்தார். வாசிக்கிற இடத்துக்குக் கண் தெரியாத பறவையின் பெயரை யாரும் வைக்க மாட்டார்கள். பெயர் ஏற்கனவே புது அர்த்தத்துக்குப் போய்விட்டது. விமர்சனம்தான் பின்தங்கி நிற்கிறது.

6

இதெல்லாம் வெறும் இலக்கிய விவகாரம் என்று விட்டுவிட முடியாது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவின் ஆந்தைகளை வேட்டையாடுவதையும் விற்பதையும் தடை செய்கிறது. இருந்தும் மாந்திரீகத்துக்கும் பலிக்கும் அவை பிடிபடுவதையும், தீபாவளியை ஒட்டி அந்த வியாபாரம் சூடுபிடிப்பதையும் டிராஃபிக் இந்தியா அமைப்பின் 2010 அறிக்கை பதிவுசெய்தது. இந்தியாவிலுள்ள சுமார் 30 இனங்களில் பாதியை வியாபாரத்தில் கண்டார்கள். லட்சுமியின் வாகனம் என்ற பெருமையும் அந்தப் பறவையைக் காப்பாற்றவில்லை. வாகனத்தைப் பலியிட்டால் லட்சுமி வீட்டைவிட்டுப் போக மாட்டாள் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழிப்பு, புகழ்ச்சி இரண்டுமே கொல்லும்.

இன்னொரு கதை. காட்டுச் சிற்றாந்தை என்று மத்திய இந்தியாவில் ஓர் இனம். 1873-ல் ஹியூம் அதற்குப் பெயரிட்டு விவரித்தார். 1884-க்குப் பிறகு நம்பத்தகுந்த பதிவே இல்லை. 1914-ல் கிடைத்ததாக மெய்னர்ட்ஸ்ஹேகன் என்பவர் வைத்திருந்த ஒரு மாதிரி இருந்தது. அது பழைய மாதிரி ஒன்றைத் திருடி, புதுச் சீட்டு ஒட்டியது என்று பமீலா ராஸ்முசென் கண்டுபிடித்தார். அந்தப் பொய்ச்சீட்டைக் கழித்துவிட்டு, உண்மையான பழைய மாதிரிகள் எங்கிருந்து வந்தனவோ அந்தக் காடுகளில் தேடினார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, 113 வருஷத்துக்குப் பின், அது கண்ணில் பட்டது. காலை வெளிச்சத்தில், இலையுதிர்ந்த மரத்தில் உட்கார்ந்திருந்தது. அது பகலில் வேட்டையாடுகிற ஆந்தை.

விமர்சனத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. முதலில் பொய்ச்சீட்டைக் கிழிக்க வேண்டும். பிறகு பறவை எங்கே இருந்ததோ அங்கே போக வேண்டும். நம் மரபில் அந்த இடம் நற்றிணை 83-ன் மரத்தடி. அங்கே நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பறவையைக் கண்டு பயமும் இருக்கிறது, அதனிடம் ஒரு காரியமும் இருக்கிறது. இருந்தாலும் அவள் அதற்குக் கண் தெளிவு என்று சொல்லத் தவறவில்லை, அதற்குப் பிடித்த சாப்பாடு எதுவென்றும் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறாள்.